ஐந்து டாலர் தொண்ணூறு சென்ட் ஞானம்

அனுப்புநர்:
வருவாய்த் துறையில் ஓய்வுபெற்ற ஊழியன்,
ரமண நகர், செங்கம் சாலை,
திருவண்ணாமலை.

பெறுநர்:
உணவு மற்றும் பானப் பிரிவுத் தலைவர் அவர்கள்,
சொகுசுக் கப்பல் நிறுவனம் (பெயரை உச்சரிக்கவும் கட்டணம் இருக்கக்கூடும் என்பதால் விடப்படுகிறது),
சிங்கப்பூர்க் கடல்.

பொருள்: தண்ணீர் – ஒரு பாட்டில் – குடித்தது – தங்களைப் பாராட்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. அறைக் கதவுக்கு அடியில் தாங்கள் செருகிய கணக்குச் சீட்டு.
2. "எங்கள் விருந்தோம்பலுக்குப் பத்துக்கு எத்தனை?" என்று நேற்று வந்த தங்கள் மின்னஞ்சல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

பார்வை 2-இல் கண்ட மின்னஞ்சல் கிடைத்தது. புளகாங்கிதம் அடைந்தேன். பதில் எழுத உட்காரும் முன் பார்வை 1-ஐ இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி: குடிநீர், ஒன்று, 5 டாலர், சேவைக் கட்டணம் 18 சதவீதம், 90 சென்ட்.

கட்டிலுக்குப் பக்கத்தில், விளக்குக்குக் கீழே, இரண்டு கண்ணாடித் தம்ளர்களுக்கு நடுவில் தாங்களே வைத்த பாட்டில் அது. இரவில் பிரஷர் மாத்திரை போட என் மனைவி அதைத் திறந்தார். பாட்டிலின் கழுத்தில் தொங்கிய அட்டையில் விலை அச்சடித்திருந்ததாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாத்திரை போடுகிறவர்களின் நிம்மதி கெடக் கூடாதென்று எழுத்தைச் சற்றே பொடியாக அச்சிட்டிருக்கிறீர்கள். இறங்குகிற அன்று காலையில் விசாரிக்கப் போனோம். பின்னால் நீண்ட வரிசை. கவுண்டரில் இருந்த அதிகாரி அந்த அட்டையின் மாதிரி ஒன்றைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "மேடம், திறந்தது நீங்கள்தானே? ஆமாவா, இல்லையா?" என்று கேட்டார். வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது. வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துப் பழகியவர், அத்தனை பேர் முன்னால் தலையைக் குனிந்து "ஆமாம்" என்றார்.

அந்த 18 சதவீதம் எந்தச் சேவைக்கு என்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. மூடியைத் திருகியவர் என் மனைவி. ஊற்றியவர் அவர். குடித்தவரும் அவரே. நியாயப்படி 90 சென்ட் அவர் கணக்கில்தான் வரவாக வேண்டும். எங்கள் தெரு ரமணாசிரமத்துக் குரங்கு வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடும். பறித்த சேவைக்கு மேற்கொண்டு 18 சதவீதம் கேட்டு அது திரும்பி வந்ததில்லை.

போகட்டும். பாராட்டுக்கு வருகிறேன்.

"நான் யார்?" என்ற ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டு ஜெர்மனியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் எங்கள் தெருவுக்கு ஆட்கள் வருகிறார்கள். கார்த்திகை தொடங்கி மாசி வரை வீடு பிடித்துத் தங்கி, கண்ணை மூடி உட்கார்ந்து, விடை கிடைக்காமல் அடுத்த சீசனுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். தாங்களோ கப்பலில் கால் வைக்கும்போதே விடையைப் பிளாஸ்டிக் அட்டையில் பதிந்து கையில் கொடுத்துவிட்டீர்கள். நான் யார்? உள்ளறை, பானத் திட்டம் எடுக்காதவன். ஐஸ்கிரீம் கவுண்டரில் கேட்டார்கள், பழச்சாறுக் கவுண்டரில் கேட்டார்கள், நீச்சல் குளத்தோரம் சும்மா உட்கார்ந்திருந்தபோதும் ஒருவர் தட்டில் வண்ண வண்ணத் தம்ளர்களோடு வந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் அட்டையை உரசியதும் நான் யார் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று. முகம் உடனே மாறியது. ஆத்ம விசாரத்தில் இத்தனை வேகத்தை நான் கண்டதில்லை.

உள்ளறையைப் பற்றி ஒரு வார்த்தை. சுவரில் அழகான திரைச்சீலை தொங்கியது. விடிந்ததும் கடலைப் பார்க்கலாம் என்று விலக்கினேன். பின்னால் சுவர். மாயையைப் பற்றி மணிக்கணக்காகப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படிக் கயிறு வைத்து இழுத்துக் காட்டியவர் யாருமில்லை. நான் யார்? ஜன்னலில்லாத திரைக்குச் சொந்தக்காரன்.

பானத் திட்டத்தின் சட்டநுணுக்கம் என் தொழில் ரசனையை மிகவும் தூண்டியது. ஓர் அறையில் ஒருவர் மதுத் திட்டம் வாங்கினால் அதே அறையில் இருக்கும் இன்னொரு பெரியவரும் வாங்கியே ஆக வேண்டும். எங்கள் மேசைக்குத் திருப்பூர்க்காரர் ஒருவர் வந்தார். மாலையில் ஒரு பீர் போதும் என்கிற மனிதர். அவர் வீட்டம்மாவோ சோடாகூடத் தொடாதவர். இரண்டு பேருக்கும் பணம் கட்டியாயிற்று. கட்டிய காசு வீணாகலாமா? மனைவியின் பங்கையும் சேர்த்துக் குடிக்கும் குடும்பப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. முதல் நாள் மாலை எனக்குத் திருப்பூர் பனியன் தொழிலின் நெளிவுசுளிவுகளை விளக்கியவர், அடுத்த நாள் ராத்திரி என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார். பாருங்கள், கேள்வி அவரையும் பிடித்துக்கொண்டது.

காசில்லாமல் கிடைத்த பானங்களையும் மறைக்கக் கூடாது. இயந்திரத்துக் காபி உண்டு. வெந்நீரில் டீத்தூள் பையை முக்கி முக்கி எடுத்து, நிறம் வருகிறதா என்று கடலையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்க்கலாம். பால் விட்டு ஆற்றி நுரையோடு ஒரு டீ குடிக்கும் ஆசை வந்தபோதெல்லாம், ஆசிரமத்துக்கு எதிர் வரிசை டீக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் இதுவரை என் அறை எண்ணைக் கேட்டதில்லை.

சாப்பாட்டு அரங்கு பிரமாதம். மனசாரச் சொல்கிறேன். வாசலில் இருவர் பாட்டுப் பாடிக் கையில் கிருமிநாசினி தெளித்தார்கள். உள்ளே ரொட்டியில் பத்து தினுசு, கேக்கில் எண்ண முடியாத தினுசு, செதுக்கிய தர்பூசணியில் ஓர் அன்னப்பறவை. இந்திய மூலையில் பனீர், பருப்பு, நான், வெங்காயம் பூண்டு சேர்க்காத ஜைனப் பதார்த்தம் எல்லாம் இருந்தன. தயிர் கேட்டோம். சிறு டப்பாவில் ஸ்ட்ராபெர்ரி மணக்கும் இளஞ்சிவப்புத் தயிர் வந்தது. சாதத்தில் பிசைந்து சாப்பிட்டோம். அதற்குக் கட்டணம் இல்லை என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

சம்பிரதாய உடை இரவன்றுதான் சிறு சிக்கல். பட்டுக்கரை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாகப் போனேன். வாசலில் நின்றவர் மிகுந்த மரியாதையோடு என் இடுப்புக்குக் கீழே பார்த்து, முழுக்காற்சட்டை வேண்டும் என்றார். 2014-ல் சென்னையில் ஒரு கிளப் வாசலில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே வேட்டிக்காகத் தடுத்தார்கள். அதே ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றம் அதைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கப்பலின் பின்புறம் பறந்தது பஹாமாஸ் கொடி. வேட்டி விஷயத்தில் பஹாமாஸின் நிலைப்பாடு எனக்குத் தெரியாது. நான் யார்? மாற்றுக் காற்சட்டை கொண்டுவராதவன். அன்று அறையிலேயே பிஸ்கட்.

மேல்தளங்களில் சூட் அறைக்காரர்களுக்குத் தனி லிஃப்ட், தனி உணவகம், தனி வெயில். எங்கள் ஊரைக் காட்டி உங்களைக் குத்துவதாக நினைக்க வேண்டாம். பகவான் ரமணர் இருந்த காலத்து ஆசிரமச் சாப்பாட்டுக் கூடத்திலும் பிராமணர்களுக்குத் தனிப் பந்தி உண்டு, நடுவில் தட்டி உண்டு. அவர் இரண்டு பக்கமும் தெரிகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தம் இலையில் மட்டும் ஏதாவது கூடுதலாக விழுந்தால் சத்தம் போட்டார். ஆசிரம வாசலில் இன்றும் தினமும் முற்பகல் பதினோரு மணிவாக்கில் சாதுக்களும் இல்லாதவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். சோறு போடுகிறார்கள். அதற்கப்புறம்தான் பதினொன்றரைக்கு உள்ளே பந்தி. "நான் யார்?" என்று கேட்கச் சொன்னவரின் வாசலில், தட்டை நீட்டுகிறவனிடம் "நீ யார்?" என்று கேட்பதில்லை. வியாபார நுணுக்கம் போதாது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊரே யோக்கியம் என்றும் சொல்லவில்லை. பௌர்ணமி இரவில் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோக்காரர் கேட்கும் கூலியைத் தாங்கள் கேள்விப்பட்டால் அவரை ஆலோசகராக நியமித்துக்கொள்வீர்கள். லாட்ஜ் வாடகை தீபத்தின்போது மலையைவிட உயரமாக ஏறும். ஆனால் அதே இரவில் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கையை நீட்டினால் தொன்னையில் பொங்கல் விழுகிறது, தம்ளரில் நீர்மோர் விழுகிறது. ஓரத்தில் யாரும் அட்டை உரசும் கருவியோடு நிற்கவில்லை.

கடல்வழி உபசரிப்பிலும் எங்கள் ஆட்களுக்கு முன் அனுபவம் உண்டு. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டபோது, எதிரே நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் சும்மாவே ஏற்றிக்கொள்கிறேன், கையில் ஒரு குடையும் தருகிறேன் என்றது என்பார்கள். சுதேசிக் கம்பெனியை ஒழிக்கச் செய்த சூழ்ச்சிதான். ஆனாலும் குடைக்குச் சேவைக் கட்டணம் போட்டதாகக் கேள்வியில்லை. 1926-ல் கட்டிய ரஜுலா என்ற கப்பல், நீங்கள் என்னை ஏற்றிப்போன இதே தண்ணீரில், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தளப் பயணிகள் தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் பாய் விரித்துப் படுத்தார்கள். வாந்தியும் வெக்கையுமாகப் போனார்கள். அதன் பின்னால் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தத் தடமே நின்றது. சுகமான பயணம் என்று யாரும் பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் தூங்குகிறவன் பாய்க்குப் பக்கத்தில் விலை எழுதிய பாட்டிலை வைத்துவிட்டு, விடிந்ததும் வந்து "திறந்தது நீதானே?" என்று கேட்க எவனும் காத்திருக்கவில்லை.

2022 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு சொகுசுக் கப்பலைச் சூதாட்டத்தைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் கரையேற விடவில்லை. சூதாட்ட மேசையில் உட்காருகிறவனுக்குத் தோற்கலாம் என்று தெரியும். மாத்திரை போடுகிறவளுக்குத் தெரியாது.

எங்கள் மேசைக்குப் பரிமாறிய தம்பி எங்கள் மாவட்டத்துப் பையன். கேட்டரிங் படித்தவன். ஒப்பந்தம் முடியும்வரை வார விடுமுறை என்ற பேச்சே இல்லை என்றான். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006, ஒரு நாளில் 14 மணிநேரம், ஏழு நாளில் 72 மணிநேரம் என்று வேலைக்கு வரம்பு போடுகிறது. பக்கத்திலேயே இன்னொரு வழியையும் திறந்து வைத்திருக்கிறது: வேலைக்குப் பதில் ஓய்வை எண்ணினால், ஏழு நாளில் 77 மணிநேர ஓய்வு போதும். கழித்துப் பாருங்கள், 91 மணிநேரம் வேலை வாங்கலாம். அவ்வளவும் வாங்கிக்கொண்டு, அவன் கூலியில் ஒரு பங்கை "அன்பளிப்பு" என்ற பெயரில் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று எங்கள் கணக்கில் ஏற்றுகிறீர்கள். போதாததற்கு அந்தப் பையன் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்துச் சாப்பிடுகிறவனிடம் திட்டம் விற்கச் சொல்கிறீர்கள். "சாரி அங்கிள், கேக்கலைன்னா எனக்குத் திட்டு விழும்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். கொடுக்கிற கூலியை ஒழுங்காகக் கொடுத்து, டிக்கெட்டில் மொத்த விலையையும் போட்டுத் தொலைப்பதற்கு என்ன கேடு? சம்பளமும் எங்களிடம், தண்ணீரும் எங்களிடம் என்றால் டிக்கெட் காசு எதற்குத்தான் ஐயா வாங்கினீர்கள்?

குரல் உயர்ந்துவிட்டது. பொறுத்தருள்க. தங்கள் பெருமைக்கு இதனால் எந்தக் குறைவும் இல்லை. ஆங்கில எழுத்தாளர் சோமர்செட் மாம் 1938-ல் எங்கள் ஆசிரமத்துக்கு வந்து மயங்கி விழுந்தார்; அதற்கு ஆன்மிகக் காரணம் தேடியவர்கள் பலர். தங்கள் கணக்குச் சீட்டைப் படித்து நான் மயங்காமல் நின்றதை யாரும் எழுதப்போவதில்லை.

தங்கள் வருவாய் மேலும் பெருகச் சில யோசனைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன். மேல்தளத்தில் கடல்காற்று இன்னும் இலவசமாக வீசிக்கொண்டிருக்கிறது. மூக்குக்கு ஓர் அட்டை வழங்கலாம். சூரிய உதயத்தைப் பால்கனி அறைக்காரர்கள் நேரடியாகப் பார்த்துவிடுகிறார்கள். இடையில் ஒரு கவுண்டர் வைக்கலாம். திரைக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்ப்பதற்கும் ஒரு தொகை நிர்ணயிக்கலாம். நான் அதை வெகுநேரம் பார்த்துவிட்டேன், முன்தேதியிட்டு வசூலிக்கவும்.

மதிப்பெண் கேட்டிருந்தீர்கள். பத்துக்குப் பத்து. அதில் 18 சதவீதம் சேவைக் கட்டணப் பிடித்தம் போக, நிகரம் 8.2.

இனி என் விண்ணப்பம். 5 டாலர் 90 சென்ட்டைத் திருப்பித் தர வேண்டாம். அந்தக் கவுண்டரில் அட்டையைத் தூக்கிக் காட்டிய அதிகாரி, இனி யாரிடமும் அப்படிக் கேட்க மாட்டோம் என்று என் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அறை எண் குறிப்பிடத் தேவையில்லை. அவருக்குப் பெயர் இருக்கிறது. தங்கள் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறீர்கள், யாரும் படிக்கத்தான் இல்லை.

தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
நான்.
(யார் என்பது தங்கள் பதிவேட்டில் உள்ளது.)

நகல்: சிங்கப்பூரிலிருக்கும் என் மகனுக்கு – தகவலுக்காகவும், எங்கள் அடுத்த கல்யாண நாளுக்கு வெறும் போன் மட்டும் செய்தால் போதும் என்ற உத்தரவுக்காகவும்.