கறை வேண்டிய படலம்

மணி தெரிந்துகொள்வதற்காகக் கைக்கடிகாரம் வாங்குகிறவர்கள் பாக்கியசாலிகள். கடைக்குப் போய், பணத்தைக் கொடுத்து, கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு, காப்பி வேளைக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள். பழைய கடிகாரங்களைச் சேர்த்து வைக்கும் வியாதி பிடித்தவனுக்கோ, அது சரியாக மணி காட்டுகிறதா என்பது கேட்க வேண்டிய கேள்விகளில் கடைசியானது. 1969-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி ஜப்பான் தேசத்து சீக்கோ கம்பெனியார் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்து, மாதத்துக்கு 5 விநாடிக்கு மேல் பிசகாது என்று உறுதி கூறிய அன்றே, சுருள்வில்லையும் பற்சக்கரத்தையும் நம்பி ஓடுகிற கடிகாரத்துக்கு அதன் உத்தியோகத்திலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது. சுவிட்சர்லாந்தில் பரீட்சை நடத்தி ‘குரோனோமீட்டர்’ பட்டம் சூட்டும் உயர்ந்த யந்திரங்களுக்குக்கூட, நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்தங்கவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு. நடைபாதையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பாட்டரிக் கடிகாரம் இதைக் கேட்டால் சிரிக்கும். அப்படியிருந்தும் அந்த நடைபாதைக் கடிகாரத்தை ஒருவரும் பீரோவில் பூட்டி வைப்பதில்லை.

என் பீரோவில் பெங்களூரில் செய்த எச்.எம்.டி. ஜனதா இருக்கிறது, ஒரு காலத்தில் நம் பக்கத்து மாப்பிள்ளைகள் பலரின் மணிக்கட்டை அலங்கரித்த ஃபேவர் லூபாவும் இருக்கிறது. இல்லாதது ஒமேகா கான்ஸ்டலேஷன். 1952-ல் தொடங்கிய அந்த வம்சத்தில், டயலின் நடுப்பாகம் சமதளமாக இருந்து, ஓரம் பன்னிரண்டு பட்டைகளாகச் சரிந்து இறங்கும் ரகம் ஒன்று உண்டு. முதுகுப்புறத்தில் ஜெனிவா நகரத்து வானாராய்ச்சிக் கூடமும் அதன்மேல் எட்டு நட்சத்திரங்களும் பொறித்த பதக்கம் இருக்கும். மூடியைத் திறந்தால் உள்ளே செம்பு நிறத்தில் யந்திரம் மின்னும். அந்தக் காலத்து உருப்படியைப் பிறர் கைபட்டதாக வாங்குவதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

பிறர் கைபட்ட கடிகாரத்தைத் தேடுவது வரன் தேடுவதைப் போன்ற காரியந்தான்: குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டும், ஜாதக ஸ்தானத்தில் அதனுடைய அசல் பெட்டியையும் பத்திரத்தையும் கேட்க வேண்டும், மூடிக்கு உள்ளே இருக்கும் எண்ணும் யந்திரத்தின் எண்ணும் ஒரே காலத்தவைதாமா என்று பொருத்தம் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் இந்தச் சாஸ்திரம் தலைகீழானது. இங்கே மூப்புக்குத்தான் மதிப்பு; ஒப்பனை செய்துகொண்டதாகத் தெரிந்தால் சம்பந்தம் முறிந்தது. பாலிஷ் போட்டு விளிம்புகள் மழுங்கிய கேஸை விட, கீறல் விழுந்தும் விளிம்பு கூராக நிற்கும் கேஸுக்கு விலை அதிகம். இருட்டில் ஒளிர்வதற்காக முன்னாளில் பூசிய ரேடியம், ஒளி மங்கி மஞ்சள் பாரித்திருந்தால் அது லக்ஷணம். ஒளிதான் போயிற்றே தவிர ரேடியம் போகவில்லை, அதன் வீரியம் பாதியாகக் குறையவே 1600 வருஷமாகும் என்கிற விஷயத்தை வீட்டில் யாரிடமும் நான் பிரஸ்தாபிப்பதில்லை. கறுப்பு டயல் வெயிலில் வெந்து பழுப்பாகிவிட்டதென்றால் சில சமயம் மதிப்பு பல மடங்காகிறது. அதே வெயிலில் ஆயுள் முழுவதும் வெந்த எனக்கு அப்படி ஒருவரும் கூட்டிக் கொடுத்ததில்லை.

கடிகாரத்துக்கு மதிப்பு ஏறும் விதத்துக்கு ஓர் உதாரணம்: பால் நியூமன் என்ற ஹாலிவுட் நடிகருக்கு, காரை ஜாக்கிரதையாக ஓட்டும்படி முதுகில் செதுக்கிய ரோலெக்ஸ் டேடோனா கடிகாரம் ஒன்றை அவர் மனைவி பரிசளித்தார். அதில் இருந்த மாதிரி டயல் அந்நாளில் கடைகளில் லேசில் விலைபோகாத சரக்கு. பின்னாளில் நியூமன், மகளின் சிநேகிதனிடம் மணி கேட்க, அவன் தன்னிடம் கடிகாரமே இல்லை என்று சொல்ல, இதைக் கழற்றி அவனிடமே கொடுத்துவிட்டாராம். 2017 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் அது போன விலை 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல். கடிகாரம் இல்லையென்று உண்மையைச் சொன்னதற்கு இத்தனை பெரிய சன்மானம் வேறு எவரும் பெற்றதாக நான் அறியேன்.

சென்னை பர்மா பஜாருக்கு அருகே ஒரு சந்தில், கான்ஸ்டலேஷன் வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார் ஒரு கடைக்காரர். பார்த்தேன், பளபளத்தது. அந்தப் பளபளப்பே வயிற்றைக் கலக்கியது. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தால், டயல் சுண்ணாம்பு அடித்த வெள்ளை. எழுத்துகள் தடித்து மைகசிந்திருந்தன. மணிக்கோடுகள் பட்டைகளோடு ஒட்டாமல் மயிரிழை தள்ளியே விழுந்திருந்தன.

“பாய், டயல் புதுசாப் போட்ட மாதிரி இருக்கே?”

“ஆமா சார், பம்பாய்ல குடுத்துப் போட்டது. முன்னே ஒரே கறை. ஒருத்தரும் கையால தொடல.”

“அந்தக் கறை டயல்தான் எனக்கு வேணும். அது எங்கே?”

“அதைத்தான் சார் சுரண்டி இதைப் போட்டிருக்கு.”

அவர் என் முகத்தை ஒரு நோயாளியின் முகத்தைப் பார்க்கிற கருணையோடு பார்த்தார், பிறகு மேஜைமேல் சாய்ந்து, குரலைத் தணித்து, “கறைதானே சார் வேணும்? ஒரு வாரம் டைம் குடுங்க. பம்பாய்லயே சொல்லிக் கறையும் போட்டு வாங்கிடலாம்” என்றார்.

அந்தக் கடிகாரத்தை நான் வாங்கவில்லை. ஆனால் அவரிடம் எனக்கு மரியாதை ஏற்பட்டது. வெல்வெட்டுப் பெட்டியில் சரக்கை வைத்துக்கொண்டு, “எங்க தாத்தா ஆசையாக் கட்டினது சார்” என்று கண்கலங்கி, முதுகு மூடியைத் திறந்து காட்டும்படி கேட்டவுடன் கண்ணீர் வற்றிப்போகிற கனவான்களுக்கு நடுவே, கேட்ட மாத்திரத்தில் உண்மையைச் சொன்ன வியாபாரி அவர். மூடியைத் திறக்க மறுக்கிறவரிடம் வாங்காதே என்பதுதான் இந்தத் துறையில் என் முடிவான அபிப்பிராயம். அவரோ மூடியைத் திறந்து காட்டியதோடு நில்லாமல், டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலமாரியில், தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கும் பழைய ரேஷன் கார்டுக்கும் நடுவே, முதுகில் எட்டு நட்சத்திரம் பொறித்த கடிகாரம் ஏதேனும் ஓடாமல் கிடக்குமானால், தயவுசெய்து அதைத் துடைக்காதீர்கள், பாலிஷுக்கு அனுப்பாதீர்கள், பம்பாய்ப் பக்கமே காட்டாதீர்கள். கறையோடு அப்படியே எனக்குக் காட்டுங்கள். நல்ல விலை கொடுக்கிறேன்.