பிரானேசியின் சுட்டுவிரல்கள்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

ஐரோப்பிய ஓட்டல்களிலும் வக்கீல் அறைகளிலும் ஃப்ரேமுக்குள் தொங்கும் பழைய ரோமாபுரிப் படங்களைக் கலை வரலாற்றாளர்கள் அலசித் தீர்த்துவிட்டனர். தூணடியில் கையை நீட்டியபடி நிற்கும் ஆசாமிக்கு மட்டும் உரிய மரியாதை கிடைக்கவில்லை. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரவு: ஜோவன்னி பத்திஸ்தா பிரானேசி (1720–1778) செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்ட 135 ரோமாபுரிக் காட்சிகள். அச்சில் இடம் வலமாகும். ஆகவே வலக்கையால் சுட்டும் ஒவ்வொருவரும் தகட்டில் இடக்கையர்.

வகைப்பாடு: மேலே சுட்டுவோர், பக்கவாட்டில் சுட்டுவோர், எங்கோ பார்த்துக்கொண்டு எதையோ சுட்டுவோர் என மூவகையினர். பண்டைய ரோமின் பொதுத்திடலான ஃபோரத்தில் நிற்கும் மாடுகள் இதில் சேரா. அன்று அது மேய்ச்சல் நிலம். அவற்றுக்கு அங்கே வேலை இருந்தது.

பயன்: இந்த ஆசாமி எறும்பளவு சுருங்குவதால்தான் கட்டடம் மலையளவு வளர்கிறது. சான்று, ஜெர்மன் கவிஞர் கதே. பிராங்பர்ட்டில் தந்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த ரோமாபுரிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் அவர். 1786இல் ரோம் சென்றார். பிரானேசி பிரமாண்டமாகக் காட்டிய கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகள் நேரில் அவரை அவ்வளவாக நிறைவுபடுத்தவில்லை. காரணம் வெளிப்படை: நேரில் சுட்டிக்காட்டியவர்கள் முழு உயரத்தில் இருந்தார்கள்.

மறுப்பு: பூசணிப் பிஞ்சை விரலால் சுட்டினால் அழுகிவிடும் என்பார்கள். இத்தனை விரல்கள் நீண்டால் ரோம் என்னாவது? ரோமின் பழங்கோயிலான பாந்தியனைப் பார்க்கலாம். 17ஆம் நூற்றாண்டில் அதன் நெற்றியில் ஏற்றிய இரட்டை மணிக்கூண்டுகள் பிரானேசியின் அச்சில் உள்ளன. அவை 1883இல் இடித்து அகற்றப்பட்டன. பேரரசர் ஹாட்ரியன் காலத்துக் குவிமாடமோ அசையவில்லை. ஆக, சுட்டுதல் பிஞ்சுக்கே ஆகாது, முற்றியதை ஒன்றும் செய்யாது என்ற விதி கட்டடக் கலைக்கும் பொருந்துகிறது.

பரிந்துரை: ஃப்ரேம் போடுபவர்கள் அளவு சரிவரவில்லை என்று படத்தின் கீழ்ப்பகுதியை மவுண்ட் அட்டைக்குள் மறைக்க வேண்டாம். கொலோசியத்தில் இரண்டு வளைவு குறைந்தால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. அதுதான் ஏற்கெனவே பாதி இடிந்திருக்கிறதே. ஆசாமியை மறைத்தாலோ, வாங்கியவர் கொடுத்த காசுக்குக் கட்டடம் சிறியதாகிவிடும்.