தருமபுரியின் நிரந்தர ஊழியர்

தருமபுரி மாவட்டத்தில் ஓய்வு வயது இல்லாத, இடமாற்றம் இல்லாத, பணி நீட்டிப்பு ஆணைக்காக யார் மேசை முன்பும் நிற்க வேண்டாத ஊழியர் ஒருவர் உண்டு. பெயர் புளோரைடு. மனிதன் இந்தப் பக்கம் வருவதற்கு முன்பே கிரானைட்டுக்கும் நைஸ் பாறைக்கும் உள்ளே பணியில் சேர்ந்துவிட்டார். பென்னாகரம், பாலக்கோடு, நல்லம்பள்ளி, காரிமங்கலம் எங்கும் அவருக்கு வேலை இருக்கிறது. கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த தண்ணீர் கிடைத்தால் இன்னும் உற்சாகமாகக் கரைந்து உழைப்பார். மழை பொய்த்து, போர்வெல் ஆயிரம் அடியைத் தேடி இறங்கும் ஆண்டுகள் அவருக்குப் பதவி உயர்வுக் காலம். பிள்ளைகளின் பல்லில் கையெழுத்துப் போடுவார். பெரியவர்களின் முதுகெலும்பில் முத்திரை குத்துவார்.

அவரை அளப்பதற்கும் ஒருவர் இருக்கிறார். அவர் தற்காலிகம்.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் அவருக்குப் பட்டம் மாறும். திட்ட உதவியாளர், ஆய்வு உதவி அலுவலர், களப் பணியாளர் என்று ஆணையில் எது வசதியோ அது. ஊரில் எல்லோருக்கும் அவர் ‘தண்ணி டெஸ்ட் பண்றவர்’. மத்திய அரசு 2008-09இல் தேசிய புளோரோசிஸ் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது. மாவட்டத்துக்கு ஓர் ஆலோசகர், ஓர் ஆய்வக நுட்பநர், மூன்று களப் புலனாய்வாளர்கள் என்று அதன் வழிகாட்டுதல் கணக்குப் போட்டது. அந்த மூவருக்கும் ஆறு மாதம்! எலும்பில் புளோரைடு படிந்து ஆளை மடக்க ஆண்டுக்கணக்காகும். அதைப் பின்தொடர்ந்து போகிறவருக்கு அரையாண்டு போதும் என்று டெல்லியில் யாரோ ஒருவர் எழுதி, இன்னொருவர் டிக் அடித்து, மூன்றாமவர் பச்சை மையில் ஒப்பமிட்டிருக்கிறார். மூன்று பேருக்கும் ஓய்வூதியம் நிச்சயம்.

நம் தண்ணி டெஸ்ட் பண்றவர் செய்கிற வேலையைக் கொஞ்சம் பார்ப்போம். காலையில் சொந்த வண்டியில் பாலித்தீன் பாட்டில்களோடு கிளம்ப வேண்டும். கண்ணாடிக்கும் புளோரைடுக்கும் ஆகாது என்பதால் பாலித்தீன். கைப்பம்பை நன்றாக அடித்துப் பழைய தண்ணீரை வெளியேற்றி, பாட்டிலை அதே தண்ணீரில் அலசி, பிடித்து, மூடி, எண் எழுதிக் கொண்டு வர வேண்டும். அங்கே ஓர் அம்மா கேட்பார்: “போன வருசமும் இப்படித்தான் பாட்டில்ல புடிச்சிக்கிட்டுப் போனாங்க கண்ணு. அந்தத் தண்ணி என்னாச்சு?”

“ரிப்போர்ட் மேல போயிருக்கும்மா.”

“மேலன்னா?”

இதற்கு எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் விடை கிடையாது.

ஆய்வகம் திரும்பியதும் புளோரைடை அளக்கும் எலக்ட்ரோடு. முதலில் தெரிந்த அளவுக் கரைசல்களை வைத்து அதைச் சரிபார்க்க வேண்டும். பிறகு மாதிரியோடு பஃபர் கரைசலைக் கலக்க வேண்டும். அலுமினியமும் இரும்பும் கட்டிப்பிடித்து வைத்திருக்கும் புளோரைடை அந்த பஃபர் விடுவித்துக் கொடுக்கும். மேசை இழுப்பறை கட்டிப்பிடித்து வைத்திருக்கும் அறிக்கையை விடுவிக்க எந்தக் கம்பெனியும் இன்னும் பஃபர் தயாரிக்கவில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் நடுவில் எலக்ட்ரோடை அயனி நீக்கிய நீரால் கழுவ வேண்டும். ஆம், அந்தக் கருவியைக் குளிப்பாட்டும் தண்ணீர், மாதிரி எடுத்த ஊரின் அங்கன்வாடிப் பிள்ளை குடிக்கும் தண்ணீரைவிடப் பலமடங்கு சுத்தமானது. கருவி விலை உயர்ந்ததல்லவா, பழுதானால் தணிக்கையில் கேள்வி வரும்.

அது தவிர பி.ஓ.டி. சோதனை, அதாவது தண்ணீரிலுள்ள கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு. இந்தியத் தரப்படி 27 டிகிரியில் 3 நாள் வைத்து அளக்க வேண்டும். மூன்றாம் நாள் பொங்கலானாலும் பாட்டிலைத் திறந்தே ஆக வேண்டும். பண்டிகை என்பது பாக்டீரியாவுக்குத் தெரியாது. தற்காலிகப் பணியாளருக்குத் தெரிந்தாலும் பயனில்லை. இதற்கிடையே கொட்டேஷன் வாங்குவது, ஜி.எஸ்.டி. எண் சரிபார்ப்பது, பயன்பாட்டுச் சான்று தட்டச்சு செய்வது, வருகிற பெரியவர்களுக்கு டீ சொல்வது எல்லாம் ‘உதவி’ என்ற சொல்லுக்குள் அடக்கம்.

சம்பளமா? ‘நெட்’ தேர்வு தாண்டிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய் என்று மத்திய அரசு உயர்த்தியது. அதற்கு முன் 31,000. அந்த 31,000-க்கே நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தெருவில் நின்று கத்த வேண்டியிருந்தது. நெட் தாண்டாதவர், களப்பணிக்கு வந்தவர், இவர்கள் அதற்கும் கீழே. அதுவும் திட்ட நிதியின் தவணை வந்தால் உண்டு. தவணை வர, போன ஆண்டுச் செலவுக்குப் பயன்பாட்டுச் சான்று போக வேண்டும். அதைத் தட்டச்சு செய்ய வேண்டியவர், சம்பளம் வராததால் பெட்ரோல் இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அதே ஆள்.

இனி, அவர் கண்டுபிடிக்கும் எண்ணுக்கு வருவோம். குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012) என்ன சொல்கிறது? லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு வரை ஏற்கலாம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை போகலாம். எழுதியவர் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியில்லாத ஏழையின் எலும்பு கூடுதலாக அரை மில்லிகிராம் தாங்கும் என்று இந்த நாட்டில் தரநிர்ணயமே செய்யப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 1.5 என்கிறது. ஆனால் அவர்களின் குடிநீர்க் கணக்கு ஒரு பெரியவர் நாளுக்கு 2 லிட்டர் குடிப்பார் என்று வைத்துக்கொண்டு போடுவது. வெயிலுக்கும் குடிக்கும் அளவுக்கும் ஏற்ப நாடுகள் வரம்பைத் திருத்திக்கொள்ளலாம் என்று அவர்களே சொல்லியும் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கல் குவாரியில் நிற்கிறவர் 2 லிட்டரைப் பத்து மணிக்குள் முடித்துவிடுவார். அவருக்கு வரம்பைத் திருத்த யாருக்கும் நேரம் வாய்க்கவில்லை. காய்ச்சிக் குடியுங்கள் என்று அறிவுரை சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது. காய்ச்சினால் புளோரைடு போகாது. தண்ணீர்தான் வற்றும், புளோரைடு அடரும்.

இதெல்லாம் நேற்று தெரிந்த சங்கதியா? 1937-லேயே கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநர் ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் ஜனங்களை முடக்கிய நோய்க்குக் காரணம் குடிநீர்ப் புளோரைடு என்று எழுதிவிட்டார்கள். அதன்பின் ஒரு சுதந்திரம் வந்தது, எத்தனையோ ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. தருமபுரிப் புளோரைடு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன, வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு வரைபடம், சிவப்பு மஞ்சள் பச்சை தீட்டியது. எல்லாவற்றின் கடைசிப் பத்தியிலும் ‘தொடர் கண்காணிப்பு அவசியம்’. சில இதழ்கள் ஒரு கட்டுரையைப் பதிப்பிக்க ஆயிரக்கணக்கில் டாலர் கேட்கின்றன. சிவப்புத் தீட்டிய ஊரில், எந்தப் பம்பு ஆகாது என்று ஒரு பலகை எழுதி மாட்ட ஆகும் செலவு அதில் தூசி. ஆனால் பலகைக்கு மேற்கோள் எண்ணிக்கை கிடையாது, பதவி உயர்வுக்கு மதிப்பெண்ணும் கிடையாது. பாட்டில் பிடித்தவர் பெயர் நன்றியுரையில் வந்தால் அவர் அதிர்ஷ்டசாலி.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 2008இல் கருணாநிதி ஆட்சியில் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கே தேர்தல் முடியட்டும் என்று கொஞ்ச காலம் நிறுத்தினார்கள். புளோரைடு தேர்தலுக்காக நிற்கவில்லை. ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாய் மதிப்பில் வேலை நடந்து, 2013 மே மாதம் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் தணிப்பு என்று நோயின் பெயரும் சேர்ந்திருக்கிறது. பல ஊர்களுக்கு நல்ல தண்ணீர் வந்தது. வயிறெரிவது அதற்கு அப்புறம்தான். காவிரியை மேடேற்றி, சுத்திகரித்து, மலை காடு தாண்டிக் குழாயில் கொண்டுவந்து, கடைசியில் ஊர் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்துவிடுவது. வரத்து குறைகிற நாளில் ஊராட்சிக்கு அதைவிட்டால் வழியும் இல்லை. காவிரி நீரில் 0.5, போர் நீரில் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் 1.75. மோட்டார் போடுகிறவர் கையில் சுவிட்ச் இருக்கிறது, மீட்டர் இல்லை. கோடிகளை எண்ணிக் கொட்டியவர்கள் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க ஓர் ஆளை நிரந்தரமாக வைக்க மாட்டார்கள்.

எட்டிப் பார்க்கிற தற்காலிக ஆள் 1.75 என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? முதலில் சந்தேகப்படுவது எலக்ட்ரோடை. அது சரியாக இருந்தால் பஃபரை. பஃபரும் சரி என்றால் பிடித்த கையை. தண்ணீரைச் சந்தேகப்படுவது கடைசி. சுத்திகரிப்பு நிலைய வாசலில் பிடித்த மாதிரி சுத்தமாகத்தானே இருக்கிறது, நீ எதற்கு அய்யா தெருக்கோடிக் குழாய்க்குப் போனாய் என்ற கேள்வி வரும். மறு ஆய்வுக்கு உத்தரவாகும். மறு ஆய்வு செய்யப் போனால் ஆள் இருக்க மாட்டார், ஒப்பந்தம் போன மாதமே முடிந்திருக்கும். அவர் ஓசூரில் ஏதோ ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுக்குப் போயிருப்பார். ஆகவே விளம்பரம் வரும்: எம்.எஸ்ஸி. முதல் வகுப்பு, நீர்ப் பகுப்பாய்வில் இரண்டாண்டு அனுபவம், தமிழும் ஆங்கிலமும் தட்டச்சு, ஆறு மாதத் தொகுப்பூதியம், இந்தப் பணியைக் காட்டி எந்த உரிமையும் கோரக்கூடாது, நேர்காணலுக்குப் பயணப்படி தரப்படாது, இருசக்கர வாகனம் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை.