வளர்ற பிள்ளைக்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எது எப்போது காலாவதியாகும் என்ற பட்டியல். பால், தயிர், இட்லி மாவு எதுவும் அதில் கிடையாது. என் கைரேகை, இவருடைய கைரேகை, மருத்துவச் சான்றிதழ், போலீஸ் சான்றிதழ், வீட்டு ஆய்வறிக்கை. கைரேகையின் ஆயுள் 15 மாதம். அமெரிக்கக் குடிவரவுத் துறையின் கணக்கு அப்படி. கெடு முடிவதற்குள் போய் அதே பத்து விரல்களை அதே கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். "விரல் மாறிப் போயிருக்குமோன்னு பாக்குறாங்க போல" என்றார் இவர். இடைப்பட்ட காலத்தில் எதையாவது திருடியிருக்கிறோமா என்று பார்க்கிறார்கள் என்று விளக்கினேன். "திருட எங்க நேரம்? ஃபாரம் நிரப்பவே பொழுது சரியா இருக்கு."

நாங்கள் இருப்பது நியூயார்க் மாநிலத்தில், லாங் ஐலண்டில். எங்கள் மகள் இருப்பது ஒடிசாவில், ஒரு குழந்தைகள் இல்லத்தில். மகள் என்று சொல்வது நாங்கள். காகிதங்கள் இன்னும் 'குழந்தை' என்ற அளவிலேயே நிற்கின்றன. நடுவில் இரண்டு சமுத்திரமும் ஒரு கோப்பும் கிடக்கின்றன. சமுத்திரத்தைப் பதினைந்து மணி நேரத்தில் தாண்டிவிடலாம்.

கோப்பின் முதல் அத்தியாயம் 'ஹோம் ஸ்டடி'. சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, இவர்களை நம்பிப் பிள்ளையைக் கொடுக்கலாமா என்று பார்த்து எழுதுவார். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெரியம்மாள், தங்கமானவர். புகை வந்தால் கத்துகிற கருவியை அமுக்கிப் பார்த்தார்; கத்தியது. குழாய் வெந்நீர் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிறதா என்று தெர்மாமீட்டர் பிடித்துப் பார்த்தார். சாமி அலமாரியில் காமாட்சி விளக்கைக் கண்டதும், பக்கத்தில் ஆள் இல்லாமல் எவ்வளவு நேரம் எரியும் என்று விசாரித்தார். துப்பாக்கி உண்டா என்றார். இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத்தான் சமையலறை மூலையில் அருவாமனை அவர் கண்ணில் பட்டது.

அது அம்மா கொடுத்தது. பழைய சேலையில் சுற்றி, பெட்டிக்குள் வைத்து மதுரையிலிருந்து கொண்டு வந்தது. அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார், தொடவில்லை. எதற்கு என்று கேட்டார். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று நினைத்து, காலை மடக்கி உட்கார்ந்து, பலகையை மிதித்துக்கொண்டு, ஒரு பிடி வெண்டைக்காயை எடுத்து வெட்டுவாயை நோக்கிக் கையைக் கொண்டு போனேன். கண்ணை மூடிக்கொண்டார். அறிக்கையில், 'தரையில் நிறுத்தும் வளைந்த கத்தி ஒன்று உள்ளது. பூட்டி வைக்கச் சம்மதித்துள்ளனர்' என்று ஏறிவிட்டது. இப்போது அது பேஸ்மென்ட் அலமாரியில் பூட்டின் கீழ் இருக்கிறது. அறிக்கையைப் புதுப்பிக்க வரும்போதெல்லாம், காபிக்கு முன்னால் கீழே இறங்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேலே வருகிறார். கத்தரிக்காய் நறுக்கிப் பிழைத்துக்கொண்டிருந்த சாமானுக்கு இன்று இரண்டு அரசாங்கங்களிடம் பதிவு இருக்கிறது.

எழுத்துத் தேர்வும் உண்டு. 'சிறு வயதில் உங்கள் பெற்றோர் உங்களை எப்படிக் கண்டித்தார்கள்?' என்று ஒரு கேள்வி. என் மாமனார் கணக்கு வாத்தியார். இவர் உள்ளது உள்ளபடி புளியங்குச்சி, வேப்பங்குச்சி, மரஸ்கேல் என்று இனம் பிரித்து, எந்தக் குற்றத்துக்கு எது என்றும் எழுதி வைத்தார். அடுத்த சந்திப்பில் அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்: "இப்போது அப்பாவை நினைத்தால் உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" இவர் கொஞ்ச நேரம் யோசித்து, "பதினேழாம் வாய்ப்பாடு" என்றார்.

நற்சாட்சிக் கடிதங்களை ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில், ஆளுக்கொரு மசால் தோசை செலவில் வாங்கிவிட்டோம். அது சுலபம். பிறகுதான் கையெழுத்துக் காண்டம். எங்கள் கையெழுத்து நிஜம்தான் என்று நோட்டரி கையெழுத்துப் போடுவார். அந்த நோட்டரி நிஜமான நோட்டரிதான் என்று கவுண்டி கிளார்க் கையெழுத்துப் போடுவார். அந்த கிளார்க் நிஜமான கிளார்க்தான் என்று மாநில அரசு 'அப்போஸ்டில்' என்று ஒரு தாள் தரும். மாநில அரசு நிஜம்தானா என்று யாரும் கேட்பதில்லை. 1961இல் ஹேக் நகரத்தில் உட்கார்ந்து பேசி, அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதென்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மகராசர்கள்.

இந்தியப் பக்கத்துக் காகிதங்களுக்கு மூலம் ஒரே ஒரு கடிதம். தத்து என்ற பேரில் குழந்தைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் செய்யும் அக்கிரமங்களைச் சொல்லி, லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது. நீதிமன்றம் அதையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1984இல் நீதிபதி பி.என். பகவதி விரிவாக வழிமுறை வகுத்துத் தீர்ப்பளித்தார். அந்த வழியில் 1990இல் 'காரா' என்ற மத்திய அமைப்பு பிறந்தது. நாடுவிட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2003இல் முறைப்படி சேர்ந்தது. நள்ளிரவில் ஃபாரம் நிரப்பும்போது எனக்குப் பாண்டே மேல் கோபம் கோபமாக வரும். பொழுது விடிந்ததும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவேன். ஊர் பேர் தெரியாத இரண்டு பேரிடம் ஒரு பிள்ளையை ஒப்படைக்கிறவர்கள் வெந்நீரையும் அருவாமனையையும் பார்க்கத்தான் வேண்டும். (பெற்றுக்கொள்கிறவர்களை யாரும் சோதிப்பதில்லை என்பது வேறு விஷயம். என் பெரியப்பா மகனுக்கு மூன்று பிள்ளைகள். இரண்டு நாள் ஊருக்குப் போனால் அவனை நம்பி ஒரு துளசிச் செடியை விட்டுவிட்டுப் போக முடியாது.)

மொத்தத்தில் எங்களை அவசரப்படுத்திய கட்டம் ஒன்றுதான். காராவின் இணையதளத்தில் குழந்தையின் போட்டோவும் மருத்துவ அறிக்கையும் வந்ததும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 96 மணி நேரம். அதற்குள் சரி என்று சொல்ல வேண்டும். நாங்கள் பத்து நிமிஷத்தில் சொன்னோம். அதில் ஒன்பது நிமிஷம் பாஸ்வேர்டைத் தேடியது.

பிறகு தடையின்மைச் சான்று வந்தது. கோப்பு நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் முறை வருவதற்குள் சட்டமே திருந்திவிட்டது. 2021இல் திருத்திய சிறார் நீதிச் சட்டம் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. இனித் தத்து ஆணையை நீதிபதி போட வேண்டியதில்லை, மாவட்ட கலெக்டர் போடுவார். காரியம் விரைவாக நடக்கட்டும் என்பதற்காகவே செய்த மாற்றம். அந்த விரைவுக்காக, பாதி வழியில் இருந்த கோப்புகளை எல்லாம் கோர்ட்டிலிருந்து கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கட்டியதை அவிழ்க்கக் கொஞ்ச காலம் பிடித்தது.

கலெக்டருக்கு வேலை இல்லாமலா? நெல் கொள்முதல் இருக்கிறது, பட்டா இருக்கிறது, அமைச்சர் வருகை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் புயல் இருக்கிறது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் இப்போது லாங் ஐலண்டில் எங்கள் வீட்டில் டிவி சத்தம் கூடுகிறது. சென்னைப் பக்கமா, பூரிப் பக்கமா? பூரிப் பக்கம் என்றால் கலெக்டர் முகாமுக்குப் போய்விடுவார், கையெழுத்து அம்போ. "கடவுளே, இந்தத் தடவை சென்னைக்கே போகட்டும்" என்று ஒருநாள் வாய்விட்டு வேண்டிக்கொண்டேன். ஃபோனில் இருந்தவள் வேளச்சேரியில் இருக்கும் என் தங்கை. ஒரு மாதம் பேசவில்லை.

சொந்தபந்தத்தின் விசாரணைக்கு நோட்டரி தேவையில்லை, நேரம் காலமும் இல்லை. "நம்ம ஊர்லயே ஒரு புள்ள கிடைக்கலையா?" என்று அத்தை கேட்டார். அம்மாவின் கவலை வேறு: "அங்கல்லாம் என்னடி சாப்பிடுவாங்க?" பகாளா என்று ஒன்று உண்டு, சோற்றில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு சாப்பிடுவார்கள், மார்ச் 20ஆம் தேதியை அதற்கென்றே ஒரு நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்றேன். எதிர்ப்பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. "பழைய சோத்துக்கு நாள் கொண்டாடுறாங்களா? அப்ப அது நம்ம வீட்டுப் புள்ளதான்." என் வரையில் தத்து ஆணை அன்றைக்கே வந்துவிட்டது. அமெரிக்கத் தூதரகம் அதை ஒப்புக்கொள்ளாது.

இத்தனைக்கும் நடுவில் எதையும் புதுப்பிக்காமல், யாரிடமும் நீட்டிப்புக் கேட்காமல், தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருப்பவள் அவள்தான். முதல் போட்டோவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்து வாங்கிய சட்டைகளைப் பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண்ணின் பிள்ளைக்குக் கொடுத்தோம். அடுத்து வாங்கியவற்றையும் அவளுக்கே கொடுத்தோம். நாங்கள் தத்தெடுக்கப்போகும் சேதி கேட்டதிலிருந்து அந்தப் பெண் தன் பிள்ளைக்குத் துணி எடுப்பதையே நிறுத்திவிட்டாள் என்று எனக்குச் சந்தேகம். கம்பித் தடுப்பு வைத்த தொட்டிலை இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டினார். பிரிக்க அரைமணி நேரம்தான் ஆயிற்று. இல்லத்தில் எப்போதாவது வீடியோவில் காட்டுவார்கள். இப்போதெல்லாம் ஓடி வந்து கையை ஆட்டுகிறாள். இவருடைய மீசையை ஒருமுறை உற்றுப் பார்ப்பாள். அப்புறம், எங்களை அணைத்துவிட்டு அதே ஃபோனில் யானைப் படம் போடச் சொல்லி ஆயாவிடம் சண்டை.

கலெக்டர் புயலை முடித்தார், கொள்முதலை முடித்தார், எங்கள் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்ததாகவும் சேதி வந்தது. மறுவாரம் அவருக்கு மாற்றல். புதியவர் இன்னும் பூங்கொத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் அம்மா மதுரையிலிருந்து கூப்பிட்டாள். பேத்திக்குப் பட்டுப் பாவாடை தைக்கத் துணி எடுத்துவிட்டாளாம். புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிப்போன பழைய டெய்லரையே தேடிப் பிடித்து, அங்கிருந்துதான் பேசினாள். அளவு எதுவும் என்னிடம் இல்லையே என்றேன்.

"இடுப்புக்கு நாடா போட்டுக்கலாம்டி. உசரத்துக்குத்தான் உள்ள மடிப்பு வெச்சுத் தைக்கணும். வளர வளர ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டுக்கலாம். எத்தனை மடிப்பு வெக்கணும்னு டெய்லர் நிக்கிறாரு. அந்தக் கலெக்டர் எப்ப கையெழுத்துப் போடுவாருன்னு கேட்டுச் சொல்லு."