கோப்பில் இருக்கும் தோப்புக்கு வழி கேட்டு ஒரு மனு

அனுப்புநர்: கிராவல் குழிக்கு அக்கரையில் குடியிருக்கும் ஊர்மக்கள் சார்பில் ஒரு பட்டாதாரர்.

பெறுநர்: கனிமவள அலுவலர் அவர்கள், மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம்.

பொருள்: கிராவல் குவாரி – குத்தகை முடிவு – நிலச் சீரமைப்பு கோப்பில் செவ்வனே நிறைவேறியது – நேரில் காணவில்லை – கண்டுபிடித்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. திங்கட்கிழமை குறைதீர் கூட்டங்களில் நாங்கள் கொடுத்த மனுக்கள். 2. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற தங்கள் பதில்கள். 3. குழி.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து எங்கள் ஊர் குவாரியின் கோப்பு நகலைப் பெற்றோம். படிக்கப் படிக்கப் பரவசம். பள்ளத்தின் ஓரங்களைச் சரிவாக்கி, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு, வேலி ஓரம் வேம்பும் புங்கனும் வைத்தாகிவிட்டதாம். இப்படி ஒரு தோப்பு எங்கள் ஊரில் இருப்பது எங்களுக்கே தெரியாமல் போயிற்று. எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகுட்டிகளோடு போய்வருவோம்.

அதே சர்வே எண்ணில் எங்களுக்குத் தெரிந்த இடம் வேறு. அனுமதித்த ஆழம் இரண்டு மீட்டர் என்கிறது கோப்பு. உள்ளே ஒரு தென்னையை நிறுத்தினால் குருத்து மட்டும் வெளியே தெரியும். கடைசியில் பரப்புவதற்காகத் தனியே குவித்திருக்க வேண்டிய மேல்மண், முதல் வாரமே செங்கல் சூளைக்குப் போய்விட்டது. ஒரே நடைச்சீட்டை வைத்துக்கொண்டு டாரஸ் லாரி விடியும் வரை நடை அடித்தது. காகிதத்தை மிச்சம் பிடித்து மரங்களைக் காப்பாற்றுகிறார்கள் என்று நாங்களாகவே புரிந்துகொண்டோம்.

சட்டத்தைக் குறை சொல்லவே முடியாது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை தர வேண்டும் என்கிறது 2006 அறிவிக்கை. எங்கள் குத்தகைதாரரும் தவறாமல் தந்திருக்கிறார். ஜூனில் நட்ட கன்று டிசம்பரில் ‘நன்கு வளர்ந்துள்ளது’. சான்றாக வைத்த புகைப்படத்தில் கன்றுகளுக்குப் பின்னால் ஒரு மலை தெரிகிறது. எங்கள் தாலுகாவில் மலையே கிடையாது. மலையை வெட்டி எடுத்துப் போகிறவர்களைத்தான் நாடு பார்த்திருக்கிறது. கொண்டுவந்து வைத்தவர் இவர் ஒருவர்தான்.

பெரிய நிலத்தைத் துண்டு போட்டு அனுமதியிலிருந்து தப்பிக்கக் கூடாது என்பதற்காக, 5 ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்று தீபக் குமார் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 2016-இல் விதியும் வந்தது. எங்கள் ஊரில் அண்ணன் பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பையும் பொக்லைன் விழுங்கியாயிற்று. விதி டெல்லியிலிருந்து வந்து சேர்ந்துவிட்டது. அளக்கும் டேப்புதான் தங்கள் அலுவலகத்திலிருந்து இன்னும் வரவில்லை.

சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மறுபடி புல் வளர்க்க வேண்டும், அதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. எங்கள் ஆடுகளுக்குத் தீர்ப்பைப் படித்துக் காட்டினோம். அந்தப் பக்கம் வேறு தீவனம் இல்லாததால் தீர்ப்பு நகலையே தின்றுவிட்டன.

பள்ளம் நீர்நிலையாகிவிட்டதே என்று தாங்கள் ஆறுதல் சொல்லக்கூடும். உண்மைதான், சிக்கராயபுரத்துக் கைவிட்ட கல்குவாரிகளில் தேங்கிய தண்ணீர் 2017 வறட்சியில் சென்னையின் தாகத்துக்கு உதவியது. எங்கள் குழிக்கும் அந்த யோகம் வரலாம். அதற்குள் டவுனிலிருந்து இரவோடு இரவாக வந்து கொட்டும் கோழிக்கழிவைத் தங்கள் கோப்பில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று மட்டும் தெரியவில்லை. ‘இயற்கை உரமிடல்’ பொருந்துமா?

கைவிட்ட குவாரிக் குட்டைகளில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி கோடைதோறும் நாளிதழில் வருகிறது. கோப்பில் வேலி இருப்பது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. தண்ணீருக்கும் தெரியாது.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. மேற்படி தோப்புக்குப் போகும் பாதையின் வரைபட நகல்.

2. தோப்பை ஊருக்குக் கொண்டுவர நிதி இல்லையென்றால், ஊரைத் தோப்புக்கு மாற்றி, கோப்பிலேயே ஆளுக்கு மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டா. தண்ணீர், நிழல், வேலி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

3. இரண்டும் இயலாதென்றால், குத்தகைதாரரின் காப்புத்தொகையை விடுவிக்கும் உத்தரவை, குழிக்குள் இறங்கி நின்று கையெழுத்திட வேண்டுகிறோம். ஏணி நாங்கள் கொண்டுவருகிறோம். கையெழுத்து போட்ட பிறகு அதை எடுத்துவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கோப்பின்படி அங்கே பள்ளமே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குழிக்கரைவாசிகள்