சிஞ்ஞோர் கின்னசாமி

ரோம் விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுக்க நின்றபோது என் கையில் இருந்த காகிதங்களைக் கொண்டு ஒரு சின்ன வீட்டையே கிரயம் செய்திருக்கலாம். பாஸ்போர்ட், நம்மூர் லைசென்ஸ், அதற்குத் துணையாக சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம்.

அந்தப் புத்தகத்துக்காக ஆர்டிஓ அலுவலகத்தில் 4ஏ படிவம் நிரப்பி 1000 ரூபாய் கட்டினேன். விசா நகல், டிக்கெட் நகல் எல்லாம் கேட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில் சொன்ன அதே வடிவம்: சாம்பல் நிற அட்டை, கடைசிப் பக்கம் பிரெஞ்சில். ஆயுள் ஒரு வருஷம். லைசென்ஸுக்கு இது மொழிபெயர்ப்புதான். லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துப்போவது, மாப்பிள்ளைத் தோழனை மட்டும் மணவறைக்கு அனுப்புவது மாதிரி.

கவுன்டர் பெண்மணி எல்லாவற்றையும் பரப்பி, "சிஞ்ஞோர் கின்னசாமி?" என்றார். திரும்பிப் பார்த்தேன், பின்னால் யாருமில்லை. இத்தாலியர் 'சிஎச்' எழுத்துகளை 'க' என்றுதான் படிப்பார்கள். சின்னச்சாமி என் அப்பா. நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று அப்பாவைத் தூக்கி உட்கார வைத்திருந்தேன். லைசென்ஸில் அவர் சுருங்கி ஒற்றை இனிஷியல் ஆகியிருந்தார். கிரெடிட் கார்டிலோ ஆளே இல்லை. ஓட்டுபவர் பெயரும் கார்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். முன்பணத்தை அதில்தான் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டை நீட்டினேன். கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கால் மணி நேரம் இனிஷியலுக்கு விளக்கவுரை சொன்னேன். மேலதிகாரி வந்தார். எல்லாப் புகைப்படத்திலும் ஒரே அசட்டு முகம் இருந்ததால் சாவி கிடைத்தது. ஒப்பந்தம் மட்டும் கின்னசாமி பெயரில்.

வலப்பக்கம் ஓட்டுவதெல்லாம் அரை நாளில் பழகிவிட்டது. ஆனால் ஒரு பழைய நகரத்தில், வெளியார் வண்டி நுழையக் கூடாத தெருவுக்குள் புகுந்துவிட்டேன். அங்கே கேமரா இருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு அபராதச் சீட்டு அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு.

ஏழாம் மாதம் பதிவுத் தபால் வந்தது. சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டியறியாத அப்பா கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்.

"ஏண்டா, இத்தாலியில எனக்குக் கார் இருக்கா?"

அபராதத்தை நான்தான் கட்டினேன். கடிதத்தை அவர் தரவில்லை. டீக்கடையில் இன்னும் நாலு பேருக்குக் காட்ட வேண்டுமாம்.