பழைய ஜீப்: மூலமும் உரையும்

மஹிந்திரா எம்.எம்.540 என்னும் நூலை இயற்றியவர் ஒருவர் அல்லர். சட்டமும் உடம்பும் 1941 முதல் அமெரிக்கப் படைக்கு வில்லிஸ் நிறுவனம் கட்டிக்கொடுத்த வண்டியின் வழிவந்தவை. எஞ்சின் பிரான்சின் பெஜோ. இரண்டையும் கோத்தவர்கள் 1945இல் ‘மஹிந்திரா அண்ட் முகம்மது’ என்ற பெயரில் இரும்பு வியாபாரத்தில் இறங்கியவர்கள். பங்காளி குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, நிறுவனத்தின் பெயரிலேயே முதல் பாடபேதம் நிகழ்ந்தது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது மூலம் மட்டுமே. அதை இன்று முழுதாகக் கண்டவர் அரியர். தேனி, போடிப் பக்கத்து மலைகளில் புகை கக்கிக்கொண்டு ஏறுவதில் பெரும்பகுதி உரை.

உரை என்று இங்கே குறிப்பது, வண்டிக்காரரே ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்துச் செய்த வேலையை. ஒர்க்‌ஷாப்பில் காசு கொடுத்துச் செய்தது மொழிபெயர்ப்பில் சேரும். அது இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே.

முதன்மைச் சான்று முந்தைய உரிமையாளரின் வாக்கு. “எஞ்சின்ல கையே வைக்கல சார், எல்லாம் கம்பெனி ஃபிட்டிங்” (வாய்மொழி, விற்பனை நாள், காலை). இதே சான்றாளர், “ஒரே ஒரு தடவை பிரிச்சோம், அதுவும் பாதிதான்” (அதே நாள், மாலை, அட்வான்ஸ் வாங்கிய பின்). காலைப் பாடமும் மாலைப் பாடமும் முரணும்போது மாலைப் பாடமே கொள்ளத்தக்கது என்க.

இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று முகம் சுளிப்போர் அமெரிக்காவைப் பார்க்கலாம். போர்க்காலத்தில் அதே ஜீப்பைக் கட்டிய ஃபோர்டு, போல்ட்டுகளின் தலையில் ‘எஃப்’ என்று பொறித்தது. இன்று அந்த வண்டிகளைப் புதுப்பிப்போர், எஃப் போட்ட போல்ட் கிடைக்கும் வரை வண்டியை அரைகுறையாகவே நிறுத்தி வைக்கிறார்கள். ராணுவ ஜீப்பின் முகத்தில் ஒன்பது பிளவு, போருக்குப் பின் வந்த வில்லிஸ் சிவிலியன் ஜீப்பில் ஏழு. மஹிந்திரா அங்கே விற்ற ராக்ஸர் வண்டி ஜீப்பின் சாயலைத் திருடியது என்று 2018இல் ஃபியட் கிரைஸ்லர் வழக்குப் போட, அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் வண்டியின் முகத்தையும் முதுகையும் உற்றுப் பார்த்து 2020இல் தடை விதித்தது. முகத்தை மாற்றிக்கொண்டு வண்டி திரும்பி வந்தது. போடியில் இந்த விஷயம் எந்தச் சலனத்தையும் உண்டாக்கவில்லை. இங்கே ஜீப்பின் முகத்தில் எத்தனை பிளவு இருக்கும் என்பது, அது கடைசியாக எந்த மரத்தில் முட்டியது என்பதைப் பொறுத்தது.

இனி யாப்பு. இந்நூல் இருவேறு யாப்பில் அமைந்தது. வில்லிஸ் வழிவந்த சட்டத்துக்கு அங்குலம், பெஜோ எஞ்சினுக்கு மில்லிமீட்டர். எக்ஸ்.டி.பி. 4.90 என்ற எஞ்சின் பெயரே அளவைச் சொல்லிவிடும்: நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம். மொத்தக் கொள்ளளவு 2,112 சிசி. வண்டியைப் பற்றிக் கிடைக்கும் தகவல்களில் நம்பத்தக்கது இந்தப் பெயர் ஒன்றுதான். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர்; 19ஆம் நம்பர் ஸ்பேனர் கச்சிதமாக உட்காரும். இந்த முதல் வெற்றியே கேடு. அதே தெம்பில் அடுத்த நட்டுக்குப் போனால் அது 9/16 அங்குலம், அதாவது 14.29. பதினாலாம் நம்பர் ஏறாது, பதினஞ்சாம் நம்பர் வழுக்கும். இரண்டு முறை வழுக்கியதும் ஆறு பட்டை நட்டு வட்டமாகிவிடும். இதை இலக்கணிகள் திரிபு என்பர். மெக்கானிக்குகள் சொல்வதை அச்சிட இயலாது.

பழுது பத்து வகைப்படும். ஆயில் ஒழுக்கு: ஒழுகும். துரு: இருக்கும். பிரேக்: உரையாசிரியர் எவரும் இதில் கை வைக்கலாகாது, தெரிந்தவரிடம் கொடுக்க. கியர்பாக்ஸ் ஆயில் குறைந்து பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடுவது: வில்லிஸ் குலத்தில் வழிவழியாக உள்ளது, ஒழுக்கில் சேராது. எஞ்சிய ஆறில் மூன்றைப் பிறர் எழுதியிருக்கக்கூடும்.

ரேடியேட்டர் ஒழுக்கு மட்டும் சமையலறை தொடர்புடையது. ஒரு கை மஞ்சள்தூளை ரேடியேட்டருக்குள் போடும் வழக்கம் லாரிக்காரர்களிடையே நெடுநாளாக உண்டு. தூள் தண்ணீரோடு சுற்றி வந்து ஊசித்துளையில் போய் அடைந்து ஊறிக்கொள்ளும்; ஒழுக்கு நிற்கும். பிரச்சினை என்னவென்றால் எது துளை, எது தண்ணீர் போகவேண்டிய வழி என்று மஞ்சளுக்குத் தெரியாது. இரண்டையும் அடைக்கும். அதனால்தான் ஒழுக்கு நின்ற வண்டி அடுத்த ஏற்றத்தில் கொதிக்கிறது. டீசல் டாங்க் கசிவுக்குக் குளிக்கும் சோப்பு: விரிசலில் அழுத்தித் தேய்த்தால் ஊர் போய்ச் சேரும் வரை தாங்கும். மஞ்சளும் சோப்பும் ஒரே அலமாரியிலிருந்து எடுக்கப்படுபவை என்பதை இதுவரை எந்த ஆய்வாளரும் சுட்டவில்லை (மாற்றுக்கருத்து: அலமாரிக்கு உரியவர், உரத்த குரலில், இரவு).

அடுத்து, தட்டல். முறையான ஆய்வு நிகழாத துறை என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியுள்ளது.

சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும், எஞ்சின் சுற்றாது. பேட்டரி நன்றாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் செல்ஃப் மோட்டார். அதற்குள்ளே சின்ன ஸ்பிரிங்குகள் கார்பன் துண்டுகளைச் செம்பு உருளைமேல் அழுத்திப் பிடித்திருக்கின்றன. கார்பன் தேய்ந்து குட்டையானதும் அழுத்தம் குறைகிறது, மின்சாரம் பாய்வதில்லை. வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் கார்பன் மயிரிழை அசைந்து செம்பைத் தொடுகிறது. வண்டி எழுகிறது. புதுக் கார்பன் வாங்கிப் போட்டால் விஷயம் முடிந்தது. அதை யாரும் செய்வதில்லை. தட்டினால்தான் எழுகிறதே!

தட்டுவோன், தட்டுபொருள், தட்டுமிடம், தட்டெண் எனத் தட்டலை நான்காகப் பகுப்பது மரபு (மரபு இப்பத்தியில் தொடங்குகிறது).

தட்டுபொருளில் மூன்று பள்ளிகள். ஸ்பேனரார் முதல் பள்ளியினர். ஜாக்கி ராடினர் இரண்டாம் பள்ளியினர். இவர்கள் வலிமையில் நம்பிக்கை உள்ளவர்கள், இவர்களுடைய மோட்டாரின் கூடு நசுங்கியிருப்பதைக் கொண்டு அறியலாம். மூன்றாமவர் கல்லார். படிக்காதவர் என்று பொருள் கொள்ளற்க; சரிவில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லையே உருவி எடுத்துத் தட்டுவோர். கல்லை எடுத்ததும் வண்டி நகர்ந்துவிடும் என்பதால் இப்பள்ளியில் மாணாக்கர் நிலைப்பதில்லை.

தட்டுவோன் இலக்கணம் நுட்பமானது. சாவி திருப்பும் கணமும் தட்டும் கணமும் ஒன்றாதல் வேண்டும். ஆகவே இருவர் தேவை. வண்டிக்காரர் சீட்டில் இருப்பார். கீழே இருப்பவர் மச்சானாதல் சிறப்பு என்ப. தம்பி ஆகான். “ஒரு கார்பனை மாத்துனா என்னண்ணே?” என்று அடியிலிருந்து கேள்வி கேட்பான். மச்சான் மனசுக்குள் மட்டுமே கேட்பார்.

தட்டெண் மூன்று என்பாரும், ஐந்து என்பாரும், எழும் வரை என்பாரும் உளர். மூன்றுக்கு ஆதாரம் வலுவானது (காண்க: பழைய டைரி, ஏப்ரல் மாதப் பக்கங்கள், மே மாதம் க்ரீஸ் துடைக்கப் பயன்பட்டதால் கிடைக்கவில்லை, ஜூனில் மளிகைக் கணக்கு, அக்கணக்கின் ஓரத்தில் ‘3 தட்டு’ என்று உள்ளது, அது இட்லித் தட்டு என்பது ஒரு சாரார் துணிபு, ஒப்புநோக்குக: அதே பக்கத்தில் வேறு மையில், வேறு கையெழுத்தில், ‘வண்டியை வித்துத் தொலைங்க’). இந்த வேறு கையெழுத்துப் பகுதியை இடைச்செருகல் என்று ஒதுக்குவாரும் உண்டு. நடை எளிமையும் உணர்ச்சி வேகமும் நோக்க, அந்த டைரியிலேயே மூலப்பாடம் அதுவாகத்தான் இருக்க முடியும்.

இத்துறையில் முனைவர் பட்டங்களுக்கு நிறைய இடமுண்டு. ‘தட்டலில் சமுதாயப் பார்வை’, ‘தட்டலில் உவமை நயம்’, ‘தட்டல்: ஒரு பன்முக நோக்கு’ என மூன்று தலைப்புகளும் மூன்றுக்கும் பொதுவாக ஒரு முன்னுரையும் போதும். நெறியாளர் படிக்கப்போவது முன்னுரையைத்தான்.

தட்டாமல் எழுப்பும் நெறியும் ஒன்று உண்டு. பழைய டீசல் எஞ்சினில் பம்ப் முழுக்க இயந்திர வேலை. வண்டி சரிவில் உருண்டு எஞ்சின் ஒருமுறை சுழன்றுவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டாம். ஸ்டாப்பர் கம்பியை இழுத்து அணைக்கும் வண்டியில் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே மலையில் வண்டியை எப்போதும் இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவது அறிவு. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கு மேல் உள்ள தேயிலைத் தோட்டம். ஆனால் வண்டி போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டும், அதுவும் பாறை புடைத்த பாதையில், ஜீப்பில் மட்டும். அங்கே செல்ஃப் மோட்டார் என்பது சரிவுக்கு எழுதப்பட்ட மிகையுரை.

ஒயரிங்கில்தான் உரைமரபு உச்சத்தைத் தொடுகிறது. மூலத்தில் ஒயர்களுக்குப் பல நிறம். உரையில் எல்லாமே சிவப்பு. வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய சுருள். ஹாரனுக்குப் போக வேண்டியது வைப்பர் வழியாகப் போகும். இதைப் பார்த்து இளைய மெக்கானிக்குகள் சிரிப்பது தமிழ் மரபறியாமையே. பதினான்காம் நூற்றாண்டு நச்சினார்க்கினியர் செய்ததும் இதுதான்: ஓரடியில் கிடக்கும் சொல்லைப் பிய்த்து, தொலைவில் உள்ள வேறோர் அடியில் கொண்டுபோய்க் கோத்துப் பொருள் முடிப்பார். அதற்கு ‘மாட்டு’ என்று இலக்கணச் சான்றிதழும் வைத்திருந்தார். முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடி. அதற்குள்ளேயே இந்த ஒட்டுவேலை தாங்காமல் மறைமலையடிகள் தனியாக ஓர் ஆராய்ச்சியுரை எழுதிக் கண்டித்தார். நியாயம் அடிகள் பக்கம்தான். ஆனால் ராத்திரியில் கொண்டை ஊசி வளைவில் ஹெட்லைட் அணைந்துவிட்டால், ரேடியோவின் ஒயரைப் பிய்த்து விளக்கில் மாட்டுவதற்கு நச்சினார்க்கினியரை விட்டால் ஆள் கிடையாது.

அரசு இந்த உரைகளை ஏற்பதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி தந்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்தது. மூலபாடம் தவிர வேறெதுவும் செல்லாது.

மூலத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சாசனம் சட்டத்தில் குத்திய சேசிஸ் எண். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுப்பார்கள். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதற்கும் இதற்கும் மையைத் தவிர வேறுபாடில்லை. இந்தப் படிகளில் ஓர் இலக்கம் எப்போதும் சர்ச்சைக்குரியது. ஆர்.சி. புத்தகத்தில் 3. பென்சில் படியில் 8. வளைவை மூடியது துருவா, முந்தைய உரிமையாளர் விற்கும் முன் அடித்த பெயிண்டா என்பதில் இரு தரப்புக்கும் வாதங்கள் உள (பார்க்க: மேற்படி விற்பனை நாள், காலை, மறுத்துரைப்பு, மாலை, எண்ணின்மேல் ஒட்டியிருந்த எம்-சீல், அடுக்கு இரண்டு).

தமிழ்நாட்டில் உண்மையான அதிகாரம் படைத்த ஆய்வாளர் ஒருவர்தான். மோட்டார் வாகன ஆய்வாளர். அவர் இரு தரப்பையும் கேட்கமாட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்து, “பெயிண்டைச் சுரண்டிட்டு நாளைக்கு வாங்க. ஸ்டெப்னி எங்கே?” என்பார்.